காட்டிலிருந்து வெளியேறும் வழிகள்

எந்த வரைபடத்தையும் அம்பு வெளியே போகும் கதவிலிருந்துதான் தொடங்குவாள். அவள் தொழில் அப்படி. பள்ளிக்கூடமோ திரையரங்கோ துணிக்கடையோ, தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று பச்சை அம்புக்குறி போட்டுக் காட்டும் பலகைகளைத் தயாரிக்கும் அலுவலகத்தில் அவள் படம் வரைபவள். அங்கே வைத்த பட்டப்பெயர்தான் அம்பு. அதைக் கேள்விப்பட்டு அண்ணன் ஒரு வாரம் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு வீட்டிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

அண்ணன் சிரித்ததெல்லாம் முன்பு.

புதன்கிழமை மாலை, அலுவலகத்திலிருந்து வந்ததும் வராததுமாகச் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அதன்மேல் ஒரு பெரிய தாளை விரித்தாள். இந்த முறை வரைய வேண்டியது கட்டடம் இல்லை, காடு. காலையில் முதல் பேருந்தைப் பிடித்தால் மதியத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடக்கூடிய பெருமரக் காடு. வரப்போகும் ஞாயிற்றுக்கிழமை அண்ணனை அங்கே அழைத்துக்கொண்டு போக வேண்டும். நடக்க வேண்டும், மரங்களைப் பார்க்க வேண்டும், திரும்பி வர வேண்டும். அவள் தாளின் ஓரத்தில் முதலில் வரைந்தது வாகனம் நிறுத்தும் இடத்தை.

"என்னடி, ஊர்சுத்தப் போறதுக்கு இப்பவே படம் போட உக்காந்துட்டே?" அம்மா வெங்காயத் தட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "மரத்தைப் பாத்துட்டு வரதுக்கு எதுக்கு இத்தனை கோடு?"

"சும்மா பாத்துட்டு வரவா போறோம்?"

அம்மா அண்ணனின் அறைப் பக்கம் பார்த்தாள். கதவு திறந்தே இருந்தது. மூட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உள்ளே கட்டிலின் விளிம்பில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். கை இரண்டும் முழங்காலின் மேல். யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டு, எடுத்துப் போக மறந்த சாமான் மாதிரி.

நகரத்தில் எங்கெல்லாம் மாடிமேல் மாடியாகக் கட்டினார்களோ அங்கெல்லாம் கோபுரக் கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவன் அவன். நாலு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம், அவன் தூக்கிக்கொண்டிருந்த கம்பிக் கட்டு பாதி உயரத்தில் சங்கிலியை விட்டு நழுவியது. கீழே நின்றிருந்த ஒருவர் அந்த இடத்திலேயே இறந்துபோனார். விசாரித்தவர்கள், கட்டு போட்டதில்தான் கோளாறு, கிரேன் ஓட்டியவர்மேல் பிழையில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அண்ணன் அதைப் படித்துவிட்டு, "சரி" என்றான்.

அன்றிலிருந்து எதற்கும் சரிதான். சாப்பிட வாடா என்றால் சரி. வந்து இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுவான். குளிடா என்றால் சரி. சித்தப்பா பார்க்க வருகிறாராம் என்றால் சரி. சட்டையை மாற்றிக்கொண்டு உட்காருவான், அவர் வந்து போன பிறகும் அப்படியே உட்கார்ந்திருப்பான். சண்டை போட்டிருந்தால், கத்தியிருந்தால், தட்டைத் தூக்கி எறிந்திருந்தால்கூட அம்புவுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். தண்ணீரைப் பிடித்து இழுப்பது போல் இருந்தது.

முந்தாநாள் திடீரென்று பேசினான். அம்மாவைக் கூப்பிட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் மக்கர் செய்தால் எந்த சுவிட்சை அணைக்க வேண்டும், குழாய் ஒழுகினால் எதை இறுக்க வேண்டும் என்று பொறுமையாகக் கற்றுக்கொடுத்தான். தன் வேலைக் காலணியைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கி, கீழே இருக்கும் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தான். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பையன் தேறிட்டான்டி" என்று அலுவலகத்துக்கே போன் செய்து சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த அம்பு கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தாள். இது தேறியவன் செய்கிற வேலை இல்லை. வீட்டைக் காலி செய்கிறவன் சாவியை ஒப்படைப்பதுபோல அல்லவா இருக்கிறது?

அன்றைக்கே அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு அவனை மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். டாக்டரம்மா அவனிடம் தனியாக நெடுநேரம் பேசிவிட்டு அவளைக் கூப்பிட்டார். அடுத்த திங்கட்கிழமை இடம் காலியாகிறது, உள்ளே சேர்த்துவிடலாம், அதுவரை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடாதீர்கள் என்றார். "அவரும் சரின்னுதான் சொல்லியிருக்கார்."

"டாக்டர், அவர் எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்லுவார். அதுதான் எனக்கு பயம்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "எனக்கும் அதுதான். இங்க வரவங்க முதல்ல ஏதாவது ஒண்ணு வேணும்னு சொல்லணும். டீ வேணும், ஜன்னல் பக்கத்துக் கட்டில் வேணும், வீட்டுக்குப் போகணும். எதுவா இருந்தாலும் பரவாயில்லை. ஒண்ணுமே வேண்டாதவருக்கு நாங்க எங்கேருந்து ஆரம்பிக்கறது?"

அந்த ஒன்று எது என்று அம்புவுக்குத் தெரியும் என்றே தோன்றியது. இத்தனை நாளில் அண்ணன் தானாகக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. தொலைக்காட்சியில் ஏதோ பயண நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தபோது, திரை கொள்ளாத ஓர் அடிமரத்தைப் பார்த்து, "இது என் கிரேனைவிட உசரமா இருக்கும்போல இருக்கே?" என்றான். அவள் பதில் சொல்வதற்குள் முகம் அணைந்துவிட்டது. ஆனாலும் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை அந்த மரங்களுக்கு அழைத்துப் போகலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டாள்.

"போங்க. மத்தவங்களும் இருக்கற இடமா பாத்துக்குங்க. தனியா மட்டும் விட்டுடாதீங்க. கட்டாயப்படுத்தாதீங்க. அவரைக் கேட்டுக் கேட்டு செய்யுங்க."

கேட்டுக் கேட்டு. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மேசையில் தாளை விரித்தாள்.

காட்டின் நடைபாதை ஒரு வளையம். வாசலில் தொடங்கி, சாதாரண மரங்களுக்கு நடுவே நெடுந்தூரம் போய், பெருமரங்களைச் சுற்றிக்கொண்டு மறுபடி வாசலுக்கே வரும். அந்த வளையத்தில் எங்கெங்கே குறுக்குப் பாதை பிரிந்து வாகன நிறுத்தத்துக்கு வருகிறது என்று தேடித் தேடிக் குறித்தாள். அண்ணனுக்கு மூச்சு முட்டினால் இங்கே திரும்பலாம். கூட்டம் பிடிக்காவிட்டால் இங்கே. ஒன்றும் பேசாமல் கல்லாக நின்றுவிட்டால் வனத்துறை வண்டி வந்து போகும் இந்தப் பாலத்தடியில். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு பச்சை அம்பு. போட்டு முடித்துப் பார்த்தபோது தாளில் மரங்களைவிட அம்புகள் அதிகமாக இருந்தன. இது போதுமா என்று சந்தேகம் வந்தது. ஒரு மரத்தை அழித்துவிட்டு அங்கே இன்னும் ஓர் அம்பைச் சேர்த்தாள்.

வளையத்தின் நடுவே ஒரு பார்வைக் கோபுரமும் இருந்தது. படியேறி உச்சிக்குப் போய் மரங்களை அருகில் பார்க்கலாமாம். அதை மட்டும் அவள் வரையவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பலகைகளைக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டுபவர் எட்டிப் பார்த்தார். அவருக்குக் கோந்து என்று பெயர். கையில் எப்போதும் பசை.

"என்ன அம்பு, காட்டுக்கும் போர்டு மாட்டப் போறோமா? மான் எல்லாம் வரிசையா வெளியே போகணுமா?"

"சொந்த வேலை. கை வைக்காதீங்க, ஒட்டிக்கும்."

கோந்து கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தாளைச் சுற்றி வந்து பார்த்தார். "எல்லாம் வெளியே போற வழியாவே இருக்கே. உள்ள போறதுக்கு எங்க போட்டிருக்கீங்க?"

"உள்ள போறதுக்கு எதுக்கு வழி? வாசல் இருக்கே."

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போய்விட்டார்.

அவள் மூலையில் இருந்த தொலைபேசியை எடுத்து, காட்டின் நுழைவுச்சீட்டு அலுவலகத்துக்கு எண்களை அழுத்தினாள். எடுத்த பெண், அம்புவின் குரலைக் கேட்டதுமே பெருமூச்சு விட்டாள்.

"நேத்து கூப்பிட்டது நீங்கதானே? கழிவறை எங்க இருக்குன்னு?"

"ஆமா. இன்னிக்கு வேற. முதல் பெஞ்சுக்குப் பக்கத்துல பிரியற பாதை மழைக்குச் சேறாகுமா?"

"ஆகாதுங்க. ஏங்க, மரத்தைப் பத்தி ஏதாவது கேளுங்களேன். எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. கோபுரத்துல ஏறிப் பாருங்க, அவ்வளவு நல்லா இருக்கும்."

"கோபுரம் வேண்டாம்" என்றாள் அம்பு. குரல் அவளுக்கே முரட்டுத்தனமாகக் கேட்டது. "நாங்க அதுல ஏறப் போறதில்லை. அது பாதையிலேருந்து தெரியுமா?"

"மரம் மறைச்சுக்கும். அவ்வளவா தெரியாது."

"நல்லது."

சனிக்கிழமை மாலை அண்ணன் எதிரில் தாளை விரித்து எல்லாவற்றையும் சொன்னாள். பேருந்து, ரொட்டி, அவித்த முட்டை, ஆரஞ்சு, பிளாஸ்க்கில் டீ. எங்கே உட்காருவது, எங்கே திரும்புவது. அவள் விரல் போகும் பக்கமெல்லாம் அவன் கண்ணை நகர்த்தினான். பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் கேட்பதுபோல.

"போலாமா அண்ணா?"

"சரி."

"உனக்குப் பிடிச்சிருக்கா?"

"சரி அம்பு."

அம்மா உள்ளறையிலிருந்து, திங்கட்கிழமைக்கு அவனுடைய துணிமணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டே, "பாத்தியா, சரின்னுட்டான்" என்று சந்தோஷமாகக் குரல் கொடுத்தாள். அம்பு தாளைச் சுருட்டினாள். நாளைக்கு அந்த மரத்தடியில் நிற்கும்போது அவன் ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும். கழுத்து வலிக்கிறது என்று சொன்னால்கூடப் போதும். ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து, திங்கட்கிழமை அதே சரியோடு மருத்துவமனைக் கட்டிலில் போய்ப் படுத்தான் என்றால் அவன் திரும்பி வரமாட்டான். அப்படித்தான் அவளுக்குப் பட்டது. யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அவள் திட்டமிட்டபடியே நடந்தது. அதுதான் பின்னால் நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை. பேருந்து நேரத்துக்கு வந்தது. உட்கார இடம் கிடைத்தது. அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். அம்மா முட்டையை உரித்து நீட்டியபோது வாங்கித் தின்றான். வாசலில் சீட்டு கொடுத்த பெண், அம்புவின் குரலைக் கேட்டுவிட்டு, "ஓ, சேறு ஆகுமான்னு கேட்டது நீங்கதானா!" என்று கூண்டுக்குள்ளிருந்து சிரித்தாள்.

உள்ளே நடந்தார்கள். சாதாரண மரங்கள், எந்தச் சாலையோரத்திலும் நிற்கக்கூடியவை. அண்ணன் நடுவில், அம்மா பின்னால், அம்பு முன்னால். காலடியில் சருகு மெத்தென்று அமுங்கியது. அவள் அடிக்கொரு தரம் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் கொஞ்சம் வியர்வை. மூச்சு கொஞ்சம் வேகம். களைப்பா, பயமா, ஒன்றுமில்லையா?

முதல் பெஞ்சு வந்தது. தாளில் முதல் பச்சை அம்பு போட்டிருந்த இடம். அவள் நின்றாள்.

"முடியுதா அண்ணா? முடியலேன்னா இங்கேயே திரும்பிடலாம். ஒரு கட்டாயமும் இல்லை."

"சரி" என்றான் அண்ணன். என்றவன், குறுக்குப் பாதையில் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டான்.

"டேய், எங்கடா போறே?" அம்மா பதறினாள்.

"திரும்பலாம்னு சொன்னாளே."

"கேட்டாடா! திரும்பலாமான்னு உன்னைக் கேட்டா!"

அவன் நின்று, குறுக்குப் பாதையையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தான். நிற்கச் சொன்னால் நிற்பான், வரச் சொன்னால் வருவான். அம்புவின் வாய்வரைக்கும் வந்துவிட்டது, வா அண்ணா, போலாம், கொஞ்ச தூரம்தான் என்று. கட்டாயப்படுத்தாதீர்கள் என்ற குரல் உள்ளேயிருந்து பிடித்து இழுத்தது. இப்போது கூப்பிட்டு அவன் வந்தால், அது அவள் நடத்தி அவன் நடப்பதுதானே? அதற்கா இத்தனை தூரம்?

"பரவாயில்லை" என்றாள். "திரும்பலாம்."

ஆக, பெருமரக் காட்டுக்குப் போய், ஒரு பெருமரத்தையும் பார்க்காமல், வந்த சுவடு மறையுமுன் மூவரும் வாகன நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஊருக்குத் திரும்பும் பேருந்து மாலையில்தான். அதுவரைக்கும் உட்கார ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டில் விற்கும் கடை, சற்றுத் தள்ளிக் கழிவறை, சீட்டுக் கூண்டு. வளையத்தைச் சுற்றி முடித்தவர்கள் கூட்டங்கூட்டமாக வெளியே வந்தார்கள். எல்லோரும் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே வந்தார்கள். "அம்மாடி, கோபுரத்துல ஏறிப் பாத்தும் கழுத்தே போச்சு" என்று ஒரு பெரிய மனுஷி உரக்கச் சொல்ல, அவள் வீட்டுக்காரர், "இருந்தாத்தானே போறதுக்கு" என்றார். கூட்டமே சிரித்தது.

அண்ணன் கையை முழங்காலில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்பு அவனருகில் உட்கார்ந்து, தன் வரைபடத்தை மடியில் விரித்துப் பார்த்தாள். கோந்து கேட்டது அப்போதுதான் உறைத்தது. தப்பித்து ஓடத் துடிக்கிறவனுக்குத்தான் அம்புக்குறி உதவி. காட்டிய பக்கமெல்லாம் போகிறவனுக்கு அது கட்டளை. அண்ணன் போய்விடுவானோ என்று பயந்து பயந்து, அவன் போவதற்கான வழிகளையே வரிசையாகக் காட்டி, ஒவ்வொன்றிலும் நின்று, போகிறாயா போகிறாயா என்று கேட்கக் கிளம்பியிருக்கிறாள். உலகத்தில் வேறு எந்தத் தங்கையும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள். தொழிலில் கெட்டிக்காரி என்று பெயர் வேறு.

அவன் எதிரில் அழக்கூடாது. "கை கழுவிட்டு வரேன்" என்று எழுந்து கழிவறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முடித்துவிட்டு நிமிர்ந்தால் மறுபடி வந்தது. முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தபோது, பின்னால் அம்மா நின்றிருந்தாள்.

"அழாதேடி. உன்னை இப்படிப் பாத்தா எனக்கு..." அம்மாவுக்கும் குரல் உடைந்தது. அவள் முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தாள்.

அம்பு அம்மாவின் கையைப் பிடித்தாள். "நீ இங்க இருக்கே."

"ஆமா, நீ வர நேரமாச்சேன்னு..."

"அண்ணன்கூட யாரு இருக்காங்க?"

அம்மாவின் கை மகளின் கன்னத்திலேயே நின்றுவிட்டது.

பெஞ்சு காலியாக இருந்தது. ரொட்டிப் பை இருந்தது, பிளாஸ்க் இருந்தது. அவள் கடைக்காரரைக் கேட்டாள், அவர் கவனிக்கவில்லை. நின்றிருந்த வண்டிகளுக்கு நடுவில் ஓடிப் பார்த்தாள். அம்மா அண்ணனின் சின்ன வயதுச் செல்லப் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டே சாலைப் பக்கம் ஓடினாள். அம்பு சீட்டுக் கூண்டின் கம்பியைப் பிடித்து உலுக்கினாள்.

"எங்க அண்ணனைப் பாத்தீங்களா? நீலச் சட்டை. எங்ககூட வந்தாரே!"

"உள்ள போனாரே இப்பதான்" என்றாள் அந்தப் பெண். "கோபுரத்துக்கு எந்தப் பக்கம்னு கேட்டார். நல்லாத்தான் பேசினார். நேரா போய் ரெண்டாவது வளைவுன்னு சொன்னேன். ஏங்க?"

அம்பு ஓடினாள். வரைபடம் கையிலிருந்து எங்கே விழுந்தது என்று தெரியாது. சாதாரண மரங்கள் இரண்டு பக்கமும் பின்னால் போயின. எதிரில் வந்தவர்கள் ஒதுங்கி நின்று திட்டினார்கள். அவள் வரையாமல் விட்ட ஒரே இடம். அதனாலேயே அங்கே போகும் வழி அவளுக்குத் தெரியவில்லை. முதல் வளைவில் தப்பாகத் திரும்பி, ஒரு குழாயடியில் போய் முட்டி, மறுபடி ஓடி வந்தாள். அண்ணா, அண்ணா என்று கத்த நினைத்தாள்; மூச்சுதான் வந்தது. சத்தம் வரவில்லை. வேண்டும், வேண்டும் என்று அவன் ஏதாவது ஒன்றைக் கேட்கமாட்டானா என்று ஏங்கினாளே, கேட்டுவிட்டான். வழி கேட்டுவிட்டான்.

கோபுரத்தின் இரும்புப் படிகள் சுற்றிச் சுற்றி மேலே போயின. அடியில் யாருமில்லை. அவள் படிகளில் பாய்ந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும், இதோ அவன் முதுகு தெரியும், இதோ சட்டை தெரியும் என்று பார்த்தாள். இரும்பு முழுக்க அதிர்ந்தது. அவள் காலடியா வேறு காலடியா என்று பிரிக்க முடியவில்லை. உச்சித் தளத்துக்கு வந்து சேர்ந்தபோது அங்கே மரப்பலகையும் கைப்பிடியும் மட்டும் இருந்தன.

யாருமில்லை.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்க்க அவளால் முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது எதிரில் மரம். வேறொன்றும் இல்லை, மரம்தான். செம்பழுப்பு நிறத்தில், பாளம் பாளமாக வெடித்த பட்டையோடு, ஒரு வீட்டுச் சுவர்போல நின்றது. இத்தனை படி ஏறி வந்திருக்கிறாள், அது இன்னும் முடிந்தபாடில்லை. அவள் தலைக்கு மேலும் அதே பருமனோடு போய்க்கொண்டிருந்தது. இதைப் பார்க்கத்தானே வந்தோம் என்ற நினைப்பு ஓடி மறைந்தது. அவள் வயிற்றைக் கைப்பிடியில் அழுத்திக்கொண்டு, இடுப்புவரை வெளியே குனிந்து, அந்த அடிமரத்தைச் சுற்றியிருந்த தரையை அங்குலம் அங்குலமாகத் தேட ஆரம்பித்தாள்.

"அம்பு!"

கீழேயிருந்து வந்தது.

"அம்பு! உள்ள போ! குனியாதே, உள்ள போ!"

அடிமரத்தின் மறுபக்கத்திலிருந்து நீலச் சட்டை ஓடி வந்தது. அண்ணன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, பின்னால் போ பின்னால் போ என்று வீசிக்கொண்டே வந்தான். நாலு மாதமாக வீட்டில் கேட்காத குரல். காடே திரும்பிப் பார்க்கும் குரல். "பைத்தியமா உனக்கு? கைப்பிடியை விடாதே! பின்னாடி ஒரு அடி வை. ம். இன்னொண்ணு. இப்ப உக்காரு. உக்காருன்னு சொல்றேன் இல்ல!"

அவள் உட்கார்ந்தாள்.

"நான் வரேன். அசையாதே" என்றான் கீழேயிருந்து. படியில் காலடி கேட்கவில்லை. அவள் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தாள். அவன் முதல் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றிருந்தான். கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். ஏறவில்லை.

"என்னால ஏற முடியல, அம்பு." குரல் உடைந்திருந்தது. "நீயே இறங்கி வா. மெதுவா. நான் இங்கேயே நிக்கறேன்."

அவள் ஒவ்வொரு படியாக, பின்புறமாக, குழந்தை இறங்குவதுபோல இறங்கினாள். அவன் கீழேயிருந்து ஒவ்வொரு படிக்கும் சொல்லிக்கொண்டே இருந்தான். இடது கால். இப்ப வலது. கம்பியைப் பிடி. அவசரப்படாதே. கடைசிப் படிக்கு வந்தபோது அவள் கையைப் பிடித்து இழுத்துத் தரையில் நிறுத்திவிட்டு, முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தான்.

"எதுக்குடி அங்க ஏறினே?"

"நீ எதுக்கு வழி கேட்டே?"

பெருமரத்தின் வேர் ஒன்று தரைக்கு மேலே திண்டு மாதிரி புடைத்திருந்தது. அவன் அதன்மேல் போய் உட்கார்ந்தான். அவளும் உட்கார்ந்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நீங்க ரெண்டு பேரும் போனதும் கிளம்பினேன். எதுக்குன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"படியில காலை வெச்சேன். பயம் வந்துடுச்சு. எத்தனை வருஷம் மேல உக்காந்திருந்தேன், ஒரு நாள் பயந்ததில்லை. கால் வரமாட்டேங்குது. அப்புறம் இந்த மரத்துக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டேன். யாரும் பாக்கக் கூடாதுன்னு." அவன் மூக்கை உறிஞ்சினான். "அப்பத்தான் நீ மேல நிக்கறதைப் பாத்தேன்."

அவளுக்கு எத்தனையோ சொல்லத் தோன்றியது. பயம் வந்தது நல்லது அண்ணா என்று சொல்லலாமா? சொன்னால் அபத்தமாக இருக்குமோ? திரும்பலாமா என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

"நாளைக்கும் பயமா இருக்கு" என்றான் அவன். "அந்த இடம். உள்ள எப்படி இருக்கும்னு தெரியலை."

"எனக்கும் தெரியாது."

"நீ வருவியா? கட்டில் வரைக்கும்?"

"வருவேன்."

"அம்மா வேண்டாம். வந்தா அழுவாங்க. அழறதைப் பாத்துட்டு அங்க என்னால படுத்திருக்க முடியாது. நீ மட்டும் வா. டாக்டர்கிட்ட இன்னிக்கு நடந்ததையும் நீதான் சொல்லணும். எனக்குச் சொல்ல வராது."

"சொல்றேன். அம்மா வேண்டாம்னு யார் அம்மாகிட்ட சொல்றது?"

அவன் யோசித்தான். உண்மையாகவே, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு யோசித்தான். "நானே சொல்றேன்" என்றான்.

பாதையின் வளைவில் அம்மாவின் குரல் கேட்டது. செருப்பு ஒன்று கையில், ஒன்று காலில். அவளைத் தாங்கிப் பிடித்தபடி சீட்டுக் கூண்டுப் பெண்ணும் ஓடி வந்துகொண்டிருந்தாள். மகன் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அம்மா அங்கேயே, பாதை நடுவில், பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் எழுந்து அவளை நோக்கி நடந்தான். அம்புவும் எழுந்தாள். அவனுக்கு நான்கு அடி பின்னால், கண்ணை அவன் முதுகிலிருந்து எடுக்காமல் நடந்தாள். பேருந்து வரும்வரைக்கும், வீடு போய்ச் சேரும்வரைக்கும், நாளைக் காலைவரைக்கும் அவள் அந்தக் கண்ணை எடுக்கப் போவதில்லை.